வடிவமும் இனமும்: கிளிபோட் டோபெலின் 'மனிதனில் வாழும் அமீபாக்கள்' – ஒரு மறுமதிப்பீடு

உயிரியலில் ஒரு புதிய இனத்தை விவரித்தல் என்பது பெரும்பாலும் அதன் வடிவத்தை விவரித்தலேயாகும். இலையின் விளிம்பு, செதில்களின் எண்ணிக்கை, பற்களின் ஒழுங்கு என்பன போன்ற நிலையான அமைப்புக்களைக் கொண்டே இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியப்பட்டு வந்துள்ளன. இம்முறை அமீபாவிடம் வந்து சேரும்போது இடர்ப்படுகின்றது. 1755 ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த ஓவியரும் இயற்கையியலாளருமான றோசல் வொன் றோசன்ஹொவ் இத்தகைய உயிரொன்றை முதன்முதலாக வரைந்து வெளியிட்டார். அவர் அதற்கு இட்ட பெயர் புரோட்டியசு என்பதாகும். கிரேக்கப் புராணத்திலே நினைத்தவாறெல்லாம் உருமாறும் கடற்றெய்வத்தின் பெயர் அது. நிலையான வடிவம் இல்லாமையையே பெயராகக் கொண்ட ஓர் உயிரை வடிவங்கொண்டு வகைப்படுத்துவது எங்ஙனம் என்ற வினா அன்றே பிறந்துவிட்டது எனலாம்.

இவ்வினாவுக்கு நுணுக்குக்காட்டியியலாளர் கண்ட விடை, புறத்தை விட்டு அகத்தை நோக்குதலாகும். போலிப்பாதங்கள் கணந்தோறும் மாறினும் கருவின் அமைப்பு மாறுவதில்லை. கருவினுள் அமைந்த சிறுமணி நடுவிலுள்ளதா ஒதுங்கியுள்ளதா என்பது மாறுவதில்லை. உயிர் தன்னைச் சுற்றி உறையமைத்துக்கொள்ளும் சிறைப்பை நிலையிலே கருக்கள் நான்கா எட்டா என்பது மாறுவதில்லை. இவ்வழியே சென்று, மனித உடலில் வாழும் அமீபாக்களை ஒழுங்குபடுத்திய நூல்களுள் முதன்மையானது, ஆங்கில உயிரியலறிஞர் கிளிபோட் டோபெல் (1886–1949) இலண்டனில் 1919 இல் வெளியிட்ட 'மனிதனில் வாழும் அமீபாக்கள்' என்பதாகும். அந்நூலின் சிறப்பையும் அது தவறிய இடத்தையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நூல் பழையதாயினும் மதிப்பீடு பயனற்றதன்று. அதன் தவறு கவனக்குறைவினால் நேர்ந்ததன்று. மிகுந்த கவனமுடைய ஓர் அறிஞர், தாம் கற்ற பாடம் ஒன்றை அதன் எல்லைக்கு அப்பாலும் நம்பியமையால் நேர்ந்தது. அதன் விளைவோ ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை.

டோபெலுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. இலங்கையின் ஒட்டுண்ணிப் புரோட்டோசோவாக்கள் சில பற்றிய அவரது கட்டுரையொன்று, கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையான 'ஸ்பொலியா செய்லானிக்கா'வில் 1910 ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையொன்று உயிரியற் கோட்பாட்டுலகிற் பெரும் விவாதத்தை எழுப்பியது. அமீபா போன்ற உயிர்களை 'ஒருகல உயிர்கள்' என வழங்குவது பிழையென்பது அதன் வாதம். கலம் என்பது ஒரு முழு உயிரின் பகுதி. அமீபாவோ தானே முழு உயிர். எனவே அதனை நம் உடலின் ஒரு கலத்தோடு ஒப்பிடுதல் முழுமையைப் பகுதியோடு ஒப்பிடுதலாகும் என்று அவர் கருதினார். இக்கருத்தை ஏற்பினும் மறுப்பினும், வழக்கிலுள்ள சொல்லை ஆராயாது ஏற்க மறுக்கும் மனநிலை அதிற் புலனாகின்றது. 1919 இன் நூலும் அதே மனநிலையின் படைப்பாகும்.

அந்நூலின் பெருமையை உணர்வதற்கு அதற்கு முந்திய நிலையை அறிதல் வேண்டும். 1875 இல் ரசியாவின் சென் பீற்றர்ஸ்பேக் நகரில் லெஷ் என்ற மருத்துவர் வயிற்றுளைவு நோயாளி ஒருவரின் மலத்தில் அமீபாக்களைக் கண்டு விவரித்தார். 1903 இல் ஜேர்மானியரான சௌடின், தீங்கற்ற அமீபாவையும் தீங்கு செய்யும் அமீபாவையும் வேறுபடுத்தி, பின்னதற்கு 'இழையத்தைக் கரைப்பது' என்ற பொருளில் எந்தமீபா ஹிஸ்ரோலிற்றிக்கா எனப் பெயரிட்டார். பெயர் நிலைத்தது, ஆனால் விவரணம் பிழையுடையதாயிருந்தது. அவ்வமீபா சிறு அரும்புகளை வெளிவிட்டுப் பரவுகின்றது என அவர் எழுதியமை பின்னர் தவறெனக் காணப்பட்டது. 1907 இல் வீரெக் என்பார் நான்கு கருக்களையுடைய சிறைப்பைகளைக் கண்டு, அவை சௌடினின் விவரணத்தோடு ஒவ்வாமையால் எந்தமீபா தெத்திராஜினா என்ற புதிய இனத்தை அமைத்தார். உண்மையில் அவை ஹிஸ்ரோலிற்றிக்காவின் சிறைப்பைகளே. ஒரே உயிரின் இரு பருவங்கள் இரு இனங்களாக ஏட்டிற் பதிவு பெற்றன. இவ்வாறு பெயர்கள் பெருகிய காடாகக் கிடந்த துறையிலேதான் டோபெல் புகுந்தார்.

முதலாம் உலகப்போர் அவருக்கு ஒரு பெரும் வாய்ப்பையும் ஒரு பெரும் பொறுப்பையும் அளித்தது. போர்முனைகளிலிருந்து திரும்பிய வீரர்களின் மலத்தைப் பரிசோதித்து, அமீபா வயிற்றுளைவைப் பரப்பக்கூடியோரைக் கண்டறியும் பணியில் அவர் ஈடுபட்டார். எண்ணிறந்த மாதிரிகள் அவரது நுணுக்குக்காட்டியின் கீழ் வந்தன. அந்த அனுபவமே நூலின் அடித்தளம்.

நூலின் முதற் சிறப்பு அதன் விவரண முறையாகும். ஒவ்வோர் இனத்தையும் அவர் உயிருள்ள நிலையிலும், நிலைப்படுத்திச் சாயமூட்டிய நிலையிலும் நோக்குகின்றார். உண்ணும் நிலையையும் சிறைப்பை நிலையையும் ஒரே வாழ்க்கையின் இரு பருவங்களாக இணைத்துக் காட்டுகின்றார். ஹிஸ்ரோலிற்றிக்காவின் கருவில் மென்சவ்வின் உட்புறம் நுண்மணிகள் சீராகப் படிந்திருப்பதும், நடுவே சிறுமணியொன்று அமைந்திருப்பதும், முதிர்ந்த சிறைப்பையில் நான்கு கருக்களும் முனை மழுங்கிய கோல்களும் காணப்படுவதும் இத்தகைய நோக்கினாலேயே உறுதிப்பட்ட பண்புகளாகும். தீங்கற்ற எந்தமீபா கோலையில் கருவின் மணி ஒதுங்கியிருக்கும். முதிர்ந்த சிறைப்பையிற் பொதுவாக எட்டுக் கருக்கள் இருக்கும். கோல்களின் முனைகள் பிளந்த சிராய்கள் போன்றிருக்கும். இன்றும் மருத்துவ ஆய்வுகூடங்களில் மாணவர் கற்கும் வேறுபாடுகள் இவையே.

இரண்டாவது சிறப்பு, பெயர்களின் காட்டை வெட்டித் திருத்தியமை. தெத்திராஜினா முதலிய பல பெயர்களை ஆராய்ந்து, அவை ஏலவே பெயர்பெற்ற இனங்களின் பருவங்களே எனக் காட்டி, மனிதனின் அமீபாக்களை ஆறு இனங்களுக்குள் அவர் அடக்கினார். அயடீனோடு சேர்ந்து கபிலநிறமாகும் சேமிப்புப் பொருளைச் சிறைப்பையிற் கொண்ட இனத்துக்கு அயோடமீபா என்ற புதிய சாதியை அமைத்தவரும் அவரே. அச்சாதிப்பெயர் இன்றுவரை நிலைத்துள்ளது. பிரிப்பதற்கு ஆசைப்பட்ட ஒரு தலைமுறைக்குப் பின், சேர்ப்பதற்குத் துணிந்த ஒருவர் தேவைப்பட்டார். டோபெல் அத்தேவையை நிறைவேற்றினார்.

ஆயின் அத்துணிவே அவரது இடறலுக்கும் காரணமாயிற்று. இதற்கு இரு சான்றுகள் காட்டலாம்.

முதலாவது சான்று, சிறைப்பைகளின் பருமன் பற்றியது. 1918 இல் டோபெலும் மாகிரட் ஜெப்சும் சேர்ந்து, ஹிஸ்ரோலிற்றிக்காவின் சிறைப்பைகளை ஏராளமாக அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறைப்பைகளின் விட்டத்தைக் கொண்டு பிரித்தறியத்தக்க பல குலங்கள் அவ்வினத்துள் உள்ளன என்பது அவர்களது முடிபு. சிறிய சிறைப்பைகளையுடைய அமீபாவை 1912 இலேயே புறோவாசெக் என்பார் எந்தமீபா ஹாட்மனி என்ற தனி இனமாக விவரித்திருந்தார். டோபெல் அதனை ஏற்கவில்லை. பின்னர் 1950களில் இவ்வினாவை மீண்டும் ஆராய்ந்தோர் புறோவாசெக்கின் பக்கமே நின்றனர். 10 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த சிறைப்பைகளையுடையதும் நோய் விளைவிக்காததுமான ஹாட்மனி இன்று தனி இனமாக ஏற்கப்பட்டுள்ளது. இவ்விடத்தில் அளவுகோல் பிழை செய்யவில்லை என்பது நோக்கற்பாலது. வேறுபாட்டை அளந்தவரே அதனை 'இனம்' என்று கூறாது 'குலம்' என்று கூறினார். கண் கண்டதைக் கருத்து வேறோர் இடத்தில் வைத்தது.

இரண்டாவது சான்று இதனினும் பாரதூரமானது. ஹிஸ்ரோலிற்றிக்காவின் சிறைப்பைகளைச் சுமப்போரிற் பெரும்பாலோர் எந்நோயும் இன்றி வாழ்கின்றனர் என்பதை டோபெல் நன்கு அறிந்திருந்தார். இதற்கு அவர் அளித்த விளக்கம் யாதெனில், இனம் ஒன்றே. அது எப்போதும் குடலின் இழையத்தை உண்டே வாழ்கின்றது. நலமுடையோரில் அச்சிறு சேதத்தை உடல் உடனுக்குடன் சீர்செய்துகொள்கின்றது என்பதாகும். 1925 இல் பிரான்சிய ஒட்டுண்ணியியலறிஞர் எமில் புரும்ப்ற் இதற்கு மாறான கருத்தொன்றைப் பரிசின் மருத்துவக் கழகத்தின் முன் வைத்தார். நான்கு கருக்களையுடைய சிறைப்பைகளை ஆக்கும் அமீபாக்கள் இரு இனங்கள். ஒன்று நோய் செய்யும், மற்றையது செய்யாது. பின்னதன் பெயர் எந்தமீபா டிஸ்பார் என்றார் அவர். நுணுக்குக்காட்டியில் அவை இரண்டையும் பிரித்தறிய இயலாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பூனைக்குட்டிகளிற் செய்த சோதனைகளும், சிறைப்பை சுமப்போர் பலர் இருந்தும் நோய் அருகியே காணப்படும் நாடுகளின் நிலையுமே அவரது ஆதாரங்கள். காணமுடியாத வேறுபாட்டைக் கொண்டு ஓர் இனத்தை அமைப்பதா என்று துறையறிஞர் தயங்கினர். டோபெலின் ஓரினக் கொள்கையே நூல்களில் வேரூன்றியது. டிஸ்பார் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மறக்கப்பட்டது.

இங்கே டோபெலுக்காகச் சில சொல்லுதல் நீதியாகும். 1913 இல் மணிலாவில் வோக்கர், செலாட்ஸ் என்போர் வெளியிட்ட சோதனையில், ஹிஸ்ரோலிற்றிக்கா ஊட்டப்பட்ட 20 சிறைக்கைதிகளுள் 18 பேரைத் தொற்றுப் பற்றியது. அவர்களுள் நால்வருக்கே வயிற்றுளைவு ஏற்பட்டது. தொற்று வேறு, நோய் வேறு என்பதையும், ஒரே அமீபா ஒருவரில் அடங்கியும் மற்றொருவரிற் சீறியும் இருக்கக்கூடும் என்பதையும் இது காட்டியது. இன்றைய அறிவும் இதனை மறுக்கவில்லை. உண்மையான ஹிஸ்ரோலிற்றிக்காவைச் சுமப்போரிலும் பெரும்பாலோர் நோயுறுவதில்லை. ஆகவே நலமுடையோர் இருப்பதொன்றே இரண்டாவது இனத்துக்குச் சான்றாகாது என்பது சரியான வாதமே. மேலும், தெத்திராஜினாவின் கதையை அறிந்த ஒருவர், கண்ணுக்குப் புலனாகாத வேறுபாட்டின்மீது புதிய பெயரொன்றைக் கட்ட அஞ்சியதும் இயல்பே.

அவ்வாறாயின் தவறு எங்கே உள்ளது? 'வேறுபாடு காணப்படவில்லை' என்ற கூற்றிலிருந்து 'வேறுபாடு இல்லை' என்ற கூற்றுக்குத் தாவிய இடத்தில் உள்ளது. இத்தாவலின் இயல்பை நம் தருக்க மரபு நன்கு ஆராய்ந்துள்ளது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளை எண்ணுமிடத்து, இன்மையை அறிதலாகிய அபாவத்தையும் ஓர் அளவையாக எடுத்தோதி, பின்னர் அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கும். இந்தியத் தருக்க நூலார் இன்மையறிவுக்கு ஒரு நிபந்தனை விதித்தனர். இருந்திருப்பிற் புலப்பட்டிருக்கத்தக்க பொருள் புலப்படாதவிடத்து மாத்திரமே 'அது இல்லை' எனத் துணியலாம். விளக்கேற்றிய அறையிற் குடம் காணப்படாவிடின் குடம் இல்லை என்பது துணிபு. இருண்ட அறையில் அதே காணாமை எதனையும் நிறுவாது. கருவின் மணியையும் சிறைப்பையின் விட்டத்தையும் காட்டும் ஒளி நுணுக்குக்காட்டி, புரதங்களின் வேறுபாட்டைப் பொறுத்தவரையில் இருண்ட அறையே. டோபெல் அவ்வறையில் நின்று, ஒளியுள்ள அறையில் நிற்பவர் போல முடிவு கூறினார்.

விளக்கு 1978 இல் ஏற்றப்பட்டது. இலண்டனில் சார்ஜென்ற் முதலியோர், பல நோயாளரிடமிருந்தும் நலமுடையோரிடமிருந்தும் பெற்ற அமீபாக்களின் நொதியங்களை மின்புலத்திற் பிரித்து ஒப்பிட்டபோது, நோய் செய்யும் வகையும் செய்யாத வகையும் தனித்தனிக் கோலங்களைக் காட்டின. 1980களின் இறுதியிற் பரம்பரைப் பொருளின் ஒப்பீடு இவ்வேறுபாட்டை மேலும் உறுதிசெய்தது. 1993 இல் டயமன்ட், கிளாக் என்னும் இருவர் ஹிஸ்ரோலிற்றிக்காவை மீள விவரித்து, புரும்ப்ற்றின் டிஸ்பாரை அதனின்றும் பிரித்து, 68 ஆண்டுகளின் பின் அப்பெயருக்கு உயிரளித்தனர். வடிவங்கொண்டு எழுதப்பட்ட ஒரு விவரணம், வடிவமல்லாத சான்றுகொண்டு திருத்தப்பட்டது இவ்வாறே.

இத்திருத்தம் பெயரளவில் நின்றிருப்பின் அது புலமைப் பூசலாகவே முடிந்திருக்கும். ஆனால் ஒரு பெயரின் பின்னே ஒரு மருந்தும் நின்றது. ஓரினக் கொள்கையின்படி, சிறைப்பை சுமக்கும் ஒவ்வொருவரும் நோயின் ஊற்று, எனவே சிகிச்சைக்குரியவர். டோபெல் தாமே 1917 இல் டேல் என்பாரோடு இணைந்து இந்நோயின் மருந்துச் சிகிச்சை பற்றிச் சோதனை செய்தவர். அக்காலத்தின் முதன்மை மருந்தான எமிற்றீன் கடும் குமட்டலை விளைவிப்பது, இதயத்தசையையும் தாக்கவல்லது. நோயே இல்லாத பலர் நோய் செய்யாத ஓர் உயிருக்காக மருந்துண்டனர் என்பதே இதன் பொருள். உலகில் ஏறத்தாழ 50 கோடி மக்கள் ஹிஸ்ரோலிற்றிக்காவைச் சுமக்கின்றனர் என ஒருகாலத்திற் கணிக்கப்பட்டது. அவர்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கினர் சுமந்தது டிஸ்பாரையே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1997 இல் மெக்சிக்கோ நகரிற் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, நுணுக்குக்காட்டியால் மட்டும் கண்ட நான்கு கருச் சிறைப்பைகளை 'ஹிஸ்ரோலிற்றிக்கா அல்லது டிஸ்பார்' என்றே அறிக்கையிட வேண்டும் என்றும், டிஸ்பார் மட்டும் உள்ளவருக்குச் சிகிச்சை வேண்டியதில்லை என்றும் பரிந்துரைத்தது. ஒரு சொல்லோடு 'அல்லது' என்பதைச் சேர்க்க எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

டோபெலைப் பற்றிய மதிப்பீடு இத்துடன் முடிந்தால் அது ஒருதலைப்பட்சமாகும். அவரும் ஜெப்சும் 1918 இல் டையந்தமீபா பிரஜிலிஸ் என்ற புதிய இனமொன்றை விவரித்தனர். இரு கருக்களைக் கொண்ட அச்சிற்றுயிர் போலிப்பாதங்களால் நகர்ந்தமையால் அமீபா எனப்பட்டது. 1919 இன் நூலிலும் அவ்வாறே இடம்பெற்றது. ஆனால் 1940 இல் அதனை மீண்டும் ஆராய்ந்த டோபெல், அதன் கருப்பிரிவையும் பிற பண்புகளையும் சீர்தூக்கி, அது சவுக்குமுளையை இழந்துவிட்ட ஒரு சவுக்குமுளையுயிராக இருக்கலாம் எனக் கருதினார். 1974 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, அதன் கலத்தினுள் திரிக்கோமொனசு முதலிய சவுக்குமுளையுயிர்களுக்குரிய அமைப்புக்களைக் காட்டி அக்கருத்தை நிலைநாட்டியது. தாம் பெயரிட்ட இனத்தையே தாம் வைத்த இடத்திலிருந்து அகற்றத் துணிந்தவரை வடிவத்தின் அடிமை என்று கூறுதல் பொருந்தாது. டிஸ்பார் பற்றிய வினாவிலும் அவர் இதே கண்ணைச் செலுத்தியிருப்பின் என எண்ணத் தோன்றுகின்றது.

இதனாற் கலவமைப்பை நோக்கும் நுணுக்குக்காட்டியின் காலம் கடந்துவிட்டது எனக் கொள்ளலாமா? 2012 இல் வெளியான ஒரு விவரணம் அவ்வாறன்று எனக் காட்டுகின்றது. வங்காளதேசத்தின் டாக்காவிலுள்ள மிர்ப்பூர்ப் பகுதிக் குழந்தைகளின் மல மாதிரிகளை ஆராய்ந்தோர், நுணுக்குக்காட்டியிலோ வளர்ப்பூடகத்திலோ எந்தமீபா இருப்பதாகக் காட்டியும், அறியப்பட்ட இனங்களுக்கென அமைந்த மூலக்கூற்றுச் சோதனைகளுக்கு அகப்படாத மாதிரிகளைத் தனியே எடுத்து நோக்கினர். அவற்றிலிருந்து எந்தமீபா பங்களாதேசி என்ற புதிய இனம் பிறந்தது. ஒளி நுணுக்குக்காட்டியிலும் இலத்திரன் நுணுக்குக்காட்டியிலும் அதன் தோற்றம் ஹிஸ்ரோலிற்றிக்காவை ஒத்தேயிருந்தது. அதனைத் தனி இனமாக நிறுவியது ரைபோசோமின் பரம்பரையலகு வரிசை. இங்கே இரு கருவிகளும் ஒன்றின் இருளை மற்றொன்று போக்கின. 'ஏதோ உள்ளது' என்று கண் கூறியது. 'அறிந்தவற்றுள் ஒன்றுமன்று' என்று மூலக்கூறு கூறியது. அறியப்பட்டவற்றை மட்டுமே தேடும் சோதனையின் காணாமையை ஆய்வாளர் இன்மையாகக் கொண்டிருப்பின், டோபெலின் தவறே வேறோர் ஆடையில் மீண்டும் நிகழ்ந்திருக்கும்.

இதுவே 1919 இன் நூலை இன்று வாசிப்போர் பெறத்தக்க பயனென்று கருதுகின்றோம். புதிய இனமொன்றை விவரிப்பவர் தாம் கண்டதை மட்டும் எழுதினாற் போதாது. தமது கருவி எவற்றைக் காட்டவல்லது, எவற்றைக் காட்டாது என்பதையும் எழுதுதல் வேண்டும். தமிழில் அறிவியல் எழுதுவோருக்கும் இது பொருந்தும். 'நான்கு கருக்களையுடைய சிறைப்பை ஹிஸ்ரோலிற்றிக்காவாகும்' என்ற வாக்கியத்தை மொழிபெயர்த்து வைப்பது எளிது. 'நான்கு கருக்களையுடைய சிறைப்பை ஹிஸ்ரோலிற்றிக்காவாகவோ அதனை ஒத்த வேறோர் இனமாகவோ இருக்கலாம். வடிவத்தைக் கொண்டு மாத்திரம் துணிய இயலாது' என்று எழுதும்போது வாக்கியம் நீளும். ஆயினும் அதனைக் கற்று மருத்துவமனை ஆய்வுகூடத்தில் அமரும் மாணவர், நோயற்ற ஒருவருக்கு வேண்டாத மருந்தைப் பரிந்துரைக்கக் காரணமாகமாட்டார். டோபெலின் விவரணங்கள் மாணவருக்கு இன்றும் வழிகாட்டத்தக்கவை. அவற்றோடு புரும்ப்ற்றின் ஐயத்தையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.